அரக்கும் செப்பும் வெற்றிடமும்

(உக்குவளையில் ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



அணுவைப் பிளந்த கதையை நாம் பெரும்பாலும் அதன் முடிவிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். ஹிரோஷிமா நகரின்மேல் எழுந்த புகையையும், வல்லரசுகள் மறைவாக நடத்திய மாபெருந் தொழிற்சாலைகளையும், ஜெனீவா நகருக்கருகே நிலத்தின் கீழே 27 கிலோமீற்றர் சுற்றளவில் அமைந்துள்ள வளையத்தையும் முதலில் அறிந்துகொண்டபடியால், இந்த விஞ்ஞானத்தின் உற்பத்தியும் அவ்வாறே கோடிக்கணக்கான பொருட்செலவிலும் ஆயிரக்கணக்கான ஆட்பலத்திலும் நிகழ்ந்திருக்கும் என்று கருதுவது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆயினும், துணிக்கை ஆர்முடுக்கி என்று இன்று நாம் வழங்கும் இயந்திரத்தின் பாலிய பருவம், பல்கலைக்கழகங்களின் பின்கட்டு அறைகளிலே, ஒரு பேராசிரியரும் இரண்டொரு மாணவரும் கண்ணாடிக் குழாயையும் செப்புத் தகட்டையும் அரக்கையும் வைத்துக்கொண்டு செய்த பிரயத்தனத்திலே கழிந்தது. அந்தப் பருவத்தைப் பற்றியும், நமது அயலிலே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மேகநாத சாஹா என்னும் பெரியார் அத்தகைய இயந்திரம் ஒன்றை நிறுவுவதற்குப் பட்ட பாட்டைப் பற்றியும் இன்று உங்கள் முன்னிலையில் பேச விரும்புகிறேன்.

தேவை எங்கிருந்து பிறந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். 1919ஆம் ஆண்டில் றதர்போர்ட் என்னும் பௌதிக விஞ்ஞானி, நைதரசன் வாயுவின்மீது அல்பாத் துணிக்கைகளை மோதவிட்டு, அவ்வணுவின் கருவிலிருந்து புரோத்தன் தெறித்து வெளிவருவதை உலகிற்கு அறிவித்தார். அந்த அல்பாத் துணிக்கைகளை அவருக்குக் கொடுத்தது இயற்கையான கதிரியக்கப் பொருளே. அது கொடுத்த அளவுக்குமேல் கேட்க முடியாது. அது கொடுத்த வேகத்துக்குமேல் விரைவாக்க முடியாது. எல்லாத் திசைகளிலும் சிதறிப் பாயும் அத்துணிக்கைகளுள் இலட்சக்கணக்கானவற்றில் ஏதோ ஒன்றே கருவைச் சென்று தாக்கும். ஆகவே 1927இல் ரோயல் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் பேசியபோது, கதிரியக்கப் பொருள்கள் தருவனவற்றிலும் அதிக சக்தியுள்ள அணுக்களையும் இலத்திரன்களையும் ஏராளமாக நாமே உண்டாக்கிக்கொள்ளும் நாள் வரவேண்டும் என்ற தம் நெடுநாள் ஆசையை அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆசை எளிது, வழிதான் கடினம். ஓரலகு மின்னேற்றமுள்ள ஒரு துணிக்கையைப் பத்து இலட்சம் வோற்று அழுத்தத்தினூடாகச் செலுத்தினால் அது பத்து இலட்சம் இலத்திரன் வோற்றுச் சக்தியைப் பெறும் என்பது கணக்கு. ஆனால் அத்துணை அழுத்தத்தைத் தாங்கும் குழாய் எங்கே? பீங்கானும் கண்ணாடியும் பொறி பறந்து வெடித்தன. இந்த இடத்தில் கேம்பிரிட்ஜில் றதர்போர்ட்டின் ஆய்வுகூடத்திலிருந்த கொக்குரொப்ற், வோல்ற்றன் என்னும் இருவருக்குக் கைகொடுத்தது ஒரு கணிதச் செய்தி. ஜோர்ஜ் கமோவ் என்ற இளைஞர் 1928இல், புதிய குவாண்டம் சித்தாந்தத்தின்படி, கருவைச் சூழ்ந்த மின் அரணை ஏறிக் கடக்கப் போதிய சக்தியில்லாத துணிக்கையும் சிறுபான்மை அதனை ஊடுருவிச் செல்லக்கூடும் என்று காட்டியிருந்தார். அப்படியாயின் பத்து இலட்சம் வோற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சில இலட்சமே போதும் என்று கொக்குரொப்ற் கணக்கிட்டார். கண்ணாடி உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூட்டுவாய்களைப் பிளாஸ்டிசின் என்ற களியால் கையாலேயே பூசி அடைத்து, உள்ளிருந்த காற்றைப் பம்பினால் இறைத்து அவர்கள் எழுப்பிய கோபுரத்தின் அடியில், ஆள் குனிந்து நுழையும் ஒரு சிறு மறைப்பறை இருந்தது. 1932 ஏப்ரல் 14ஆம் நாள் வோல்ற்றன் தரையில் தவழ்ந்து சென்று அதற்குள் அமர்ந்து, இலிதியத்தின்மீது புரோத்தன்கள் பாயும்போது துத்தநாக சல்பைட்டுத் திரையிலே ஒளிப்பொட்டுகள் மினுங்குவதைக் கண்டார். உடனே கொக்குரொப்ற்றை அழைத்தார். பின்னர் றதர்போர்ட்டும் தமது பெரிய சரீரத்தை அந்தச் சிறிய அறைக்குள் ஒருவாறு புகுத்திக்கொண்டு பார்த்து, இவை அல்பாத் துணிக்கைகளே என்று தீர்ப்பளித்தார். இலிதியக் கரு இரண்டாகப் பிளந்திருந்தது. மனிதன் செயற்கையாக விரைவூட்டிய துணிக்கை ஒரு கருவை உடைத்த முதற் சந்தர்ப்பம் அதுவே; இருவருக்கும் நோபல் பரிசு 1951இல் வந்தது.

இது நேரான பாதை. வளைந்த பாதை ஒன்றும் அக்காலத்திலேயே தோன்றியது. இன்றைய பேச்சின் விஷயமாகிய கல்கத்தாவுக்கு நம்மை இட்டுச் செல்வது அந்தப் பாதைதான். நோர்வே தேசத்தவராகிய ரோல்ப் விடெரோ, ஜேர்மனியின் ஆஹன் நகரில் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சியை 1928இல் வெளியிட்டார். 88 சென்ரிமீற்றர் நீளமான ஒரு கண்ணாடிக் குழாயினுள், 25,000 வோற்று அழுத்தத்தையே சரியான தருணம் பார்த்து இருமுறை பிரயோகித்து, பொற்றாசியம், சோடியம் அயன்களுக்கு 50,000 வோற்றுக்குரிய சக்தியை அவர் ஊட்டினார். அழுத்தத்தைப் பெருக்க வேண்டாம், சிறிய அழுத்தத்தையே பலமுறை உபயோகிக்கலாம் என்பதே இதன் சாரம். அடுத்த ஆண்டு கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தக் கட்டுரையைப் புரட்டிய ஏர்னெஸ்ட் லோரன்ஸ் என்ற இளம் பேராசிரியருக்கு ஜேர்மன் பாஷை சரிவரத் தெரியாது. படங்களையும் சமன்பாடுகளையும் பார்த்தே கருத்தைப் பிடித்துக்கொண்டார். பலமுறை உந்துவதற்கு நீண்ட குழாய் எதற்கு, காந்தத்தைக் கொண்டு துணிக்கையை வளைத்து அதே இடைவெளிக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவரலாமே என்று அவருக்குத் தோன்றியது.

தினைப்புனங் காப்பவர் கவணிலே கல்லை வைத்துச் சுழற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கை தரும் சிறு உந்தல் சேர்ந்து சேர்ந்து, கல் விடுபடும் தருணத்தில் பறவைக் கூட்டத்தையே கலைக்கும் வேகமாகிறது அல்லவா? லோரன்ஸின் கருத்திலிருந்து எழுந்த சைக்ளோத்திரன் என்னும் இயந்திரத்தில் கயிற்றின் வேலையைக் காந்தப்புலமும், கையின் வேலையை மாறுமின்னழுத்தமும் செய்கின்றன. வட்டத் தட்டு ஒன்றை நடுவே வெட்டிப் பிரித்தாற்போன்ற, உள்ளே வெறுமையான இரண்டு செப்புப் பெட்டிகள் எதிரெதிராக இருக்கும். துணிக்கை ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் இடைவெளியிலுள்ள மின்புலம் அதனை ஒருமுறை உந்தும். உந்தப்பட்ட துணிக்கை சற்றே பெரிய அரைவட்டம் போட்டுத் திரும்பும். இதில் விசேஷம் யாதெனில், வேகம் கூடக்கூட வட்டமும் அதே விகிதத்தில் பெருத்துக்கொண்டு போவதால், ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் மாறுவதேயில்லை. சிறுவட்டத்தில் மெதுவாகச் செல்வதும் பெருவட்டத்தில் விரைந்து செல்வதும் ஒரே நேரத்தில் வாயிலுக்கு வந்து சேருகின்றன. அதனால் மின்னழுத்தம் ஒரே தாளத்தில் மாறிக்கொண்டிருந்தால் போதும். ஒளியின் வேகத்தை அணுகும்போது துணிக்கையின் திணிவு கூடி இந்தத் தாளம் தவறும் என்பது பின்னால் வந்த சங்கடம். ஆரம்ப காலத்தவரை அது வருத்தவில்லை.

கருத்து உதித்தது லோரன்ஸுக்கு. ஆனால் அதைப் பிரத்தியட்சமாக நடத்திக் காட்டியவர் ஸ்டான்லி லிவிங்ஸ்டன் என்ற மாணவர். அவர் செய்த பித்தளைக் கலத்தின் விட்டம் 4½ அங்குலம், உள்ளங்கையில் அடங்கும். அதன் மூட்டுகளை அடைத்தது முத்திரை அரக்கு. 1931 ஜனவரி ஆரம்பத்தில், இரண்டாயிரம் வோற்றுக்கும் குறைந்த அழுத்தத்தைக் கொண்டு ஐதரசன் அயன்களுக்கு 80,000 இலத்திரன் வோற்றுச் சக்தியை அவர் ஊட்டினார். இரண்டாயிரத்துக்கும் குறைந்தது எண்பதாயிரமாயிற்று; அந்தச் சிறு கலத்தின் முழுப் பெருமையும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

அரக்கைப் பற்றி இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு பேசும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மாத்தளையைச் சேர்ந்த பள்ளே ஹப்புவிடக் கிராமத்துக் கைவினைஞர், இளஞ்சூட்டில் இளகிய அரக்கை இழையாக இழுத்து, பெருவிரல் நகத்தினாலே அமுக்கி, கைப்பிடிகளிலும் கொடித்தண்டுகளிலும் வர்ணக் கோலமிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எந்தச் சூட்டில் அரக்கு இளகும், எந்தச் சூட்டில் கருகும், ஆறும்போது எங்கே வெடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் உள்ள ஞானம். அதே ஞானமே பேர்க்கிலியில் லிவிங்ஸ்டனுக்கும் தேவைப்பட்டது. கலத்தினுள்ளே காற்று எஞ்சியிருந்தால், பற்பல சுற்றுகள் ஓட வேண்டிய அயன் வாயு மூலக்கூறுகளில் மோதி வழியிலேயே மடிந்துபோகும். ஊசி நுனி நுழையாத ஒரு வெடிப்பு போதும், மாதக்கணக்கான உழைப்பு பாழாவதற்கு. முத்திரை அரக்கின் உயிர்ப்பொருளாகிய கொம்பரக்கை அந்நாளில் உலகுக்கெல்லாம் பெரும்பாலும் அளித்து வந்தது இந்தியாவின் காடுகளே. நமது பகுதியிலிருந்து மூலப்பொருள் கப்பலேறிப் போயிற்று. அதைக் கொண்டு அடைத்த வெற்றிடம் மட்டும் நமக்கு நெடுங்காலம் எட்டாமலிருந்தது. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை, கல்கத்தாவின் கதையை விளங்கிக்கொள்வதற்குச் சொல்கிறேன்.

பேர்க்கிலியின் வளர்ச்சி துரிதமாக நடந்தது. 1932இன் தொடக்கத்தில் 11 அங்குல இயந்திரம் பத்து இலட்சம் இலத்திரன் வோற்றைத் தாண்டியது. அதே வேளையில், பெடரல் ரெலிகிராப் கம்பனி வானொலி அனுப்பிக்காக வார்த்துப் பயன்படாமற் கிடந்த 80 தொன் காந்தம் ஒன்று லோரன்ஸுக்குக் கிடைத்தது. சிவில் எஞ்சினியரிங் பகுதியினர் கைவிட்ட பழைய மரக் கட்டடத்தில் அதனை நிறுவி, அதிலே 27 அங்குல இயந்திரத்தையும், 1937இல் 37 அங்குல இயந்திரத்தையும் எழுப்பினர். 1939இல் 60 அங்குலம் வந்தது, நோபல் பரிசும் வந்தது. ஆனால் இந்த வெற்றிப் பட்டியலுக்கு மறுபுறம் ஒன்றுண்டு. இலிதியத்தைப் பிளக்கப் போதிய சக்தி கேம்பிரிட்ஜ் முந்துவதற்கு முன்னரே அவர்களிடம் இருந்தது. இயந்திரத்தை இன்னும் பெருப்பிப்பதிலேயே கண்ணாயிருந்ததால் அதைச் செய்யவில்லை. 1934இல் பாரிஸில் ஐரீன் கியூரியும் பிரெடெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த செய்தி வந்தபோதுதான், தமது சைக்ளோத்திரனையும் துணிக்கைகளை எண்ணும் கருவியையும் ஒரே ஆளியால் இயக்கி வந்ததனால், இயந்திரத்தை நிறுத்தும் கணமே எண்ணியும் நின்றுபோய், நிறுத்திய பின்னும் இலக்கிலிருந்து கதிர் வந்துகொண்டிருந்ததை அதுகாறும் காணாதொழிந்தனர் என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. ஆளியைப் பிரித்து, இலக்கை மாற்றி, எண்ணியைத் திருப்பினார்கள். சில நிமிடங்களில் எண்ணி சடசடத்தது. மாணவர்களே, பெரிய கருவியைக் கண்டு மலைக்கும்போதெல்லாம் இந்த ஆளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கருவியே இல்லாதவன் என்ன செய்யலாம் என்பதற்கும் அதே பேர்க்கிலியிலிருந்து ஒரு திருஷ்டாந்தம் உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைமை பூண்டிருந்த எமிலியோ செக்ரேயிடம் ஆர்முடுக்கி கிடையாது. பேர்க்கிலிக்கு ஒருமுறை சென்றிருந்த அவர், தேய்ந்து கழிந்த பாகங்களில் கதிரியக்கம் மிஞ்சியிருப்பதைக் கவனித்து, அவற்றைக் கேட்டுப் பெற்றார். பின்னர் லோரன்ஸ் கடித உறையில் வைத்துத் தபாலில் அனுப்பிய ஒரு மொலிப்டினத் தகட்டை, 1937இல் செக்ரேயும் கனிப்பொருளியல் அறிஞர் கார்லோ பெரியரும் இரசாயன முறையில் துருவித் துருவி ஆராய்ந்து, ஆவர்த்தன அட்டவணையில் 43ஆம் இடத்தில் வெற்றிடமாகவே இருந்துவந்த மூலகத்தைக் கண்டெடுத்தார்கள். தெக்னீசியம் என்று பின்னர் பெயர் பெற்ற அம்மூலகத்தின் ஒரு சமதானி இன்று உலகமெங்கும் வைத்தியசாலைகளில் நாள்தோறும் உபயோகமாகிறது. இங்கிருந்து இரயிலேறிப் பேராதனைக்குச் சென்று, அங்குள்ள கருமருத்துவப் பிரிவில் தைரொயிட்டுச் சோதனை செய்துகொண்டவர் இச்சபையிலே யாரேனும் இருந்தால், அவருடைய நரம்பில் ஏற்றப்பட்ட மருந்து பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும். அரைவாழ்வு ஆறு மணி நேரமே ஆதலால் அது உடலில் நெடுங்காலம் தங்குவதுமில்லை.

இவ்வளவும் முன்னுரை. இனிக் கல்கத்தா.

டாக்கா ஜில்லாவிலே ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகனாக 1893இல் பிறந்து, வறுமையோடும் சாதி அவமதிப்போடும் போராடிக் கல்வி கற்று, 1920இல் நட்சத்திரங்களின் நிறமாலைக்குப் பொருள் கூறும் அயனாக்கச் சமன்பாட்டைத் தந்து உலகப் புகழ் பெற்றவர் மேகநாத சாஹா. அலகாபாத்தில் பதினைந்தாண்டுகள் கற்பித்த பின், 1938இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியராக அவர் பொறுப்பேற்றார். தாரகநாத் பாலித் என்ற வள்ளல் அளித்த கொடையினால் ஏற்பட்ட அந்தப் பீடத்தில் முதன்முதல் அமர்ந்தவர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த நம் ச. வெ. இராமன் அவர்கள் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு பாதரச விளக்கும், நல்ல நிறமாலை காட்டியும், தூய திரவங்களும், ஓயாத உழைப்பும் கொண்டு இராமன் 1928இல் தமது விளைவைக் கண்டார். பத்தே ஆண்டுகளுக்குப் பின் அதே பீடத்துக்கு வந்த சாஹாவுக்கு, கருப் பௌதிகம் என்ற புதிய துறை தொன் கணக்கில் இரும்பையும் செப்பையும் கேட்டது. விஞ்ஞானத்தின் நடையே மாறிவிட்டிருந்தது. அந்த மாற்றத்தை இந்தியாவில் முதலில் உணர்ந்தவர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர்.

1936இல் செய்த வெளிநாட்டுப் பிரயாணத்தில் அவர் லோரன்ஸின் ஆய்வுகூடத்தைக் கண்டிருந்தார். அலகாபாத்திலே தம்மிடம் பயின்ற வசந்தி துலால் நாக் சௌதுரி என்ற இளைஞரை, சைக்ளோத்திரன் கட்டும் வித்தையைக் கற்று வரும்படி பேர்க்கிலிக்கு அனுப்பினார். 1938 டிசம்பரில் பேர்லினில் யுரேனியக் கரு பிளவுறுவது கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், அவர் ஒருநாளும் தாமதிக்க மனங்கொள்ளவில்லை. தேசியத் திட்டக் குழுவில் தம்மோடு பணியாற்றிய ஜவாகர்லால் நேருவின் ஆதரவையும், டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியையும், பல்கலைக்கழகத்தின் மானியத்தையும் ஒன்று சேர்த்து, பேர்க்கிலியின் 37 அங்குல இயந்திரத்தைப் பின்பற்றிய ஒன்றுக்கு வேண்டிய பாகங்களை அமெரிக்காவில் வாங்க ஏற்பாடு செய்தார். லோரன்ஸ் மனமுவந்து துணை நின்றார். 1941இல் நாக் சௌதுரி கலாநிதிப் பட்டத்தோடு தாயகம் திரும்பினார். காந்தத்துக்குரிய பாகங்களும் வந்து சேர்ந்தன.

வராதவை பம்புகள். ஜப்பான் போரில் இறங்கியது. வெற்றிடப் பம்புகளும் ஏனைய உபகரணங்களும் ஏற்றி வந்த கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இரும்பு இருந்தது, செப்பு இருந்தது, கற்று வந்த ஆளும் இருந்தார். காற்றை வெளியேற்ற வழியில்லை. அப்பர் சர்க்குலர் வீதி 92ஆம் இலக்கத்தில் அமைந்த விஞ்ஞானக் கல்லூரியில், பம்புகளை உள்ளூரிலேயே ஆக்கிப் பார்க்கும் முயற்சியில் அவர்கள் இறங்கினார்கள். உயர் வெற்றிடப் பம்பு என்பது பார்வைக்கு எளிய பொருள்: அடியிலே எண்ணெய் கொதிக்கும், ஆவி நடுக்குழாயில் எழுந்து, தொப்பி போன்ற மூடியிற் பட்டுக் கீழ்நோக்கிப் பாயும், பாயும்போது எதிர்ப்பட்ட காற்று மூலக்கூறுகளைத் தன்னோடு தள்ளிக்கொண்டுபோய்ப் பின்னாலுள்ள மற்றொரு பம்பின் வாயிலே சேர்க்கும், ஆவியோ குளிர்ந்த சுவரில் படிந்து மீண்டும் அடியிலே சொட்டும். ஆனால் அந்த எண்ணெய் சாமானியமான எண்ணெயன்று. சாதாரண வெப்பத்தில் சற்றும் ஆவியாகாததாக இருக்க வேண்டும். மூடிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள வெளி மயிரிழை பிசகினாலும் பாய்ச்சல் கெடும். ஒட்டுவேலையில் ஒரு நுண்துளை இருந்தாலோ, எங்கே என்று தேடுவதற்கே வாரங்கள் செல்லும். இவற்றைச் செய்து தரும் தொழிற்சாலைகள் பேர்க்கிலிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தன. கல்கத்தாவுக்கு அவை கடலுக்கு அப்பால் இருந்தன. அந்தக் கடலும் மூடிக்கிடந்தது.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதையும் மறக்கலாகாது. 1942 டிசம்பரில் கல்கத்தாவின்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1943இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. கிராமங்களிலிருந்து கஞ்சிக்காக வந்தவர்கள் நகரத்து நடைபாதைகளிலே மாண்டார்கள். 1946இல் கலகம், 1947இல் பிரிவினை. சாஹாவின் பிறந்த ஊர் அந்நிய நாடாயிற்று. அகதிகளுக்காக ஓடியாடி உழைத்த அதே மனிதர் பம்புக்காகவும் எண்ணெய்க்காகவும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இந்த நிலைமையில் ஓர் இயந்திரம் தாமதித்ததைக் குற்றமாகச் சொல்வோர், எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

1948 ஏப்ரலில் அந்நாளைய இந்திய அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி அடிக்கல் நாட்ட, 1950 ஜனவரி 11ஆம் நாள் கருப் பௌதிகக் கழகம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். பேர்க்கிலியார் ஆளியினால் தவறவிட்டதைக் கண்டுபிடித்த அதே அம்மையார். ஆயினும் சைக்ளோத்திரன் இன்னும் இணங்கவில்லை. 1956 பெப்ரவரி 16ஆம் நாள், பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சாஹா டில்லியில் அலுவலகம் நோக்கிச் செல்லும் வழியில் உயிர் நீத்தார். அவர் கனவு கண்ட விதமாக அந்த இயந்திரம் ஆராய்ச்சிக்கு முற்றாகப் பயன்படுவதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

எனது கருத்தையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். லிவிங்ஸ்டனின் கலம் 4½ அங்குலம், பின் 11, பின் 27, பின் 37. ஒவ்வொரு படியிலும் வெற்றிடத்தோடும் மாறுமின்னழுத்தம் தரும் அலையியற்றியோடும் மல்லுக்கட்டி, அடுத்த படிக்கு வேண்டிய கைத்தேர்ச்சியைப் பெற்றுக்கொண்டே பேர்க்கிலியார் ஏறினார்கள். கல்கத்தாவோ நான்காம் படியிலே காலை வைக்க முனைந்தது. உள்ளூரில் கிடைக்கும் பித்தளையையும் அரக்கையும் கொண்டு ஒரு சாண் அகலத்து இயந்திரத்தை முதலில் இயக்கியிருந்தால், கப்பல் மூழ்கிய பின்னும் மாணவர் கைகளுக்கு வேலை இருந்திருக்கும். பெரிய இயந்திரம் பிற்பாடு விரைவாக இணங்கியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். மறுபுறத்தில், சிறிய கருவிக்கு எந்தச் செல்வரும் பொருள் தரமாட்டார் என்பதும், உலகம் அணுகுண்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நாளில் பின்தங்கிய தேசத்தின் விஞ்ஞானி ஒருவர் முதற்படியிலிருந்து தொடங்கப் பொறுமை கொள்வது அரிது என்பதும் எனக்குத் தெரியாதவையல்ல. சாஹாவின் அவசரம் தேசத்தின் அவசரம்.

அந்தச் சிரமத்தின் பலன் சைக்ளோத்திரனிலிருந்து மட்டும் வரவில்லை. அதே ஆய்வுகூடத்தில் நிரஜ்நாத் தாஸ்குப்தா இந்தியாவின் முதல் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கட்டினார். அதற்கும் வேண்டியவை வெற்றிடமும் காந்தமும் உயர் அழுத்தமுமே. நாக் சௌதுரி, சாஹாவின் பெயரையே பின்னர் தாங்கிய அக்கழகத்தை நடத்தி, தேசத்தின் விஞ்ஞான நிர்வாகத்திலே உயர்ந்த பதவிகளை வகித்தார். 1977 ஜூன் மாதத்தில், கல்கத்தாவின் சோல்ட் லேக் பகுதியிலே 224 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மாறுசக்திச் சைக்ளோத்திரன் முதற் கற்றையைத் தந்தது. அதன் மாதிரி பேர்க்கிலியின் 88 அங்குல இயந்திரம். ஆனால் கட்டியது இந்தியா, காந்தத்தை ஆக்கியது ராஞ்சியின் கனரகத் தொழிற்சாலை. சண்டிகாரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் 1930களில் கட்டி உபயோகித்து ஓய்வு கொடுத்த சைக்ளோத்திரனை 1960களில் பெற்று, எச். எஸ். ஹான்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவரும் பாடுபட்டு மீண்டும் ஓட வைத்தார்கள். அந்த இயந்திரம் வந்து குடியேறிய சண்டிகார் நகரத்துக்கும் அதற்கும் வயதை ஒப்பிட்டால் இயந்திரமே மூத்தது.

எல்லா இயந்திரங்களுக்கும் இப்படி மறுவாழ்வு கிட்டவில்லை. ஜப்பானில் யோஷியோ நிஷினா என்ற பௌதிக அறிஞர் 1937இலேயே டோக்கியோவில் ஒரு சைக்ளோத்திரனை இயக்கினார். அதனிலும் பெரிய மற்றொன்றையும் கட்டி முடித்தார். 1945 நவம்பரில் அமெரிக்கப் படையினர் அவற்றைக் கழற்றி, அறுத்து, டோக்கியோ விரிகுடாவிலே கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். அமெரிக்க விஞ்ஞானிகளே அதனை வன்மையாகக் கண்டித்தார்கள். கண்டித்து என்ன, கடலுக்குள் போனவை போனவைதான்.

நமது இலங்கைக்கு வருவோம். 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் விளங்கிய ஏ. டபிள்யூ. மயில்வாகனம் அவர்கள் அண்டக் கதிர்களின் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். அது தக்க தெரிவு என்பேன். வானிலிருந்து பொழியும் அத்துணிக்கைகள், மனிதன் கட்டிய எந்த ஆர்முடுக்கியும் அந்நாளில் எட்டாத சக்தியுடையவை. கூலி கேளாமல் வருபவை. மேலும், பூமியின் காந்த மத்திய ரேகை நமது தீவுக்கு மிக அருகிற் செல்கிறது. ஜேக்கப் கிளே என்ற ஒல்லாந்தர் ஐரோப்பாவுக்கும் ஜாவாவுக்கும் இடையே கப்பலில் பிரயாணம் செய்து, மத்திய ரேகையை அணுக அணுக அண்டக் கதிர்கள் குறைவதை 1927இல் கண்டார். அவை மின்னேற்றமுள்ள துணிக்கைகள், பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைத்து விலக்குகிறது என்பதற்கு அதுவே ஆதாரமாயிற்று. ஆகவே இத்தீவு அத்துறைக்கு இயற்கையாகவே வாய்த்த இடம்.

இக்காலத்தில் ஆர்முடுக்கியே நமக்கு அந்நியமில்லை. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை தரும் நேர்கோட்டு ஆர்முடுக்கி, விடெரோவின் 88 சென்ரிமீற்றர்க் குழாயின் நேர் வழித்தோன்றல். ஆனால் அதனை நாம் பெட்டியோடு வாங்கி, பழுதுபட்டால் வெளியூரிலிருந்து ஆளை வரவழைக்கிறோம், நோயாளர் காத்திருக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் உள்ளே கைவைத்துப் பழுது பார்க்கத் துணியும் இளைஞர் நமக்கு வேண்டும். அவர்களை ஆக்குவதற்கு, சாஹா ஏறாமல் விட்ட முதற்படி இன்றும் திறந்தே இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இளமாணி மாணவர்கள் தங்கள் கைகளாலே 12 அங்குலச் சைக்ளோத்திரன் ஒன்றைக் கட்டினார்கள். புதியது எதையும் கண்டுபிடிப்பதற்காக அன்று, வெற்றிடத்தையும் காந்தத்தையும் அலையியற்றியையும் கையாலே கற்பதற்காக. பேராதனையிலோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ, கதிர்ப் பாதுகாப்பு அறிந்தவர் மேற்பார்வையில், அவ்வாறான ஒன்றைத் தொடங்கலாம். மின்சாரத்துக்குக் குறைவில்லை, பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீரை மலையைக் குடைந்து கொண்டுவந்து 1976 முதல் மின்னாக்கும் நிலையம் இந்த ஊரிலேயே இருக்கிறது. விலை கூடியது காந்தம் ஒன்றே. அதைப் பல்கலைக்கழகந்தான் தேட வேண்டும். வெற்றிடக் கலத்தையோ ஒரு பாடசாலைப் பட்டறையிலே செய்யலாம்: பித்தளைத் தகடு, கடைசல் இயந்திரம், இரப்பர் வளையம், பின்னிற்கும் ஒரு சுழற்பம்பு, அழுத்தம் காட்டும் மானி. கலத்தை மூடி, பம்பை நிறுத்தி, மானியின் முள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று மாணவர்கள் குறித்துக்கொண்டு வரட்டும்; எங்கே ஒழுகுகிறது என்று தேடிக் கண்டுபிடித்து அடைக்கட்டும். இந்த ஊர் ஆசிரியர்களுள் யாரேனும் அதற்கு முன்வருவார்களாயின், வரைபடத்தையும் கணக்கையும் எழுதித் தந்து உடனிருந்து உதவ நான் சித்தமாயிருக்கிறேன்.